பழைய வேக்ஸை எதால் எடுப்பது, புதிதாக எதைப் பூசுவது: சேலத்துக் கறுப்பு காருக்கு ஓர் அலசல்

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு. வெயில் ஏறுவதற்குள் காரைக் கழுவி முடித்துப் பானெட்டைப் பார்த்தேன். ஓரிடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஒரு சாண் தள்ளி அதே தண்ணீர் தட்டையாகப் பரவி வழிந்தது. சாய்ந்து பார்த்தால் மேலே ஒரு மங்கலான திரை. என் கார் கறுப்பு. ஆறு வருடமாக அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு வாராவாரம் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே வேக்ஸ் பூசிக்கொண்டு வந்திருக்கிறேன். பாதி போய், பாதி நின்று, நடுவில் தூசியையும் பிடித்து வைத்திருந்தது.

வெள்ளை, சில்வர் வண்டிகளில் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. கறுப்பு, கருநீலம், மெரூன் என்றால் எதுவும் மறையாது. கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் போய் வந்தால் வெள்ளைக்கல் மண் படிந்தது தெரியும். போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு வட்டம் தெரியும். அழுக்குத் துணியால் துடைத்திருந்தால் வெயிலில் சிலந்தி வலை போலக் கீறல் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியப்பா வந்திருந்தார். பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "எண்ணெய்ப் பசை போகாம மெருகு ஏத்துனா அழுக்குக்குத்தான், கண்ணு, மெருகு ஏறும். மொதல்ல அடியில இருக்கறத எடு" என்றார். வெள்ளிக்குச் சொன்னது காருக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆனால் எல்லோரும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கார்னோபா என்கிற பனை மெழுகு வேக்ஸ் பூசிய வண்டிக்கு மறுபடி கார்னோபாவே பூசப் போகிறீர்கள், கையால் தடவினால் வழவழப்பாக இருக்கிறது என்றால், நன்றாகக் கழுவிக் காயவைத்து மேலேயே பூசலாம். திட்டுத் திட்டாக இருந்தாலோ, கார்னோபாவிலிருந்து சீலன்ட் என்கிற செயற்கைப் பூச்சுக்கோ செராமிக் கோட்டிங்குக்கோ மாறுவதாக இருந்தாலோதான் அடி வரை எடுக்க வேண்டும். சீலன்ட் நேராகக் க்ளியர் கோட்டில், அதாவது பெயிண்டின் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சில், ஒட்டினால்தான் நிற்கும். நடுவில் எண்ணெய்ப் பசையுள்ள மெழுகு இருந்தால் அதோடு சேர்ந்து போய்விடும்.

பானெட்டில் நாலு கட்டம்

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னதால், பானெட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி நாலு கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதித்தேன்.

முதல் கட்டத்துக்குப் பாத்திரம் விளக்கும் லிக்விட். வீட்டிலேயே இருக்கிறது, செலவில்லை. பழைய கார்னோபா பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் சீலன்ட் பூசிய வண்டியில் இது பாதியில் நின்றுவிடும். ஒரு முறை கழுவியதும் தண்ணீர் தட்டையாக ஓடுகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. சோப்புப் படலம் மிச்சம் இருந்தாலும் தண்ணீர் அப்படித்தான் ஓடும். நன்றாக அலசிவிட்டுத் திரும்பத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். இன்னொரு குறை, இதில் கார் ஷாம்பூவில் இருக்கிற வழுவழுப்பு கிடையாது. நம் ஊர்த் தூசி மேலே இருக்கும்போதே இதைப் போட்டுத் தேய்த்தால் உப்புக் காகிதம் போலக் கீறும். அதனால் முதலில் வெறும் தண்ணீரால் மண்ணைப் போக்கிவிட வேண்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, வேக்ஸை எடுக்க மட்டும் என்றால் சரி. வாராவாரம் இதில் கழுவினால் பூசிய வேக்ஸ் தங்காது, ரப்பர் பீடிங்கும் வறண்டு போகும்.

இரண்டாவதில் கெரசின். பட்டறைப் பெயிண்டர் ஒருவர், "அஞ்சு நிமிஷ வேலைங்க, கெரசின்ல தொடச்சு விட்டுட்டாப் போச்சு" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கெரசின் வேக்ஸைக் கரைக்கிறது. ஆனால் தானும் ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகிறது. கறுப்பில் அது வானவில் நிறத்தில் தெரிந்தது. அதை எடுக்க மறுபடி சோப்பு. தின்னர் பக்கம் போகவே வேண்டாம். டிங்கரிங் செய்து மறுபெயிண்ட் அடித்த பேனல் ஏதாவது இருந்தால் தின்னர் அதைக் கரைத்துவிடும்.

மூன்றாவது கட்டத்துக்கு, பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் துடைக்கப் பயன்படும் வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர். பெயிண்ட் கடைகளில் கேட்டால் தருவார்கள். இதுவும் பெட்ரோலியக் கரைப்பான்தான், ஆனால் சுத்திகரித்தது, பிசுக்கு விடாமல் ஆவியாகும். ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த வேக்ஸ் அங்கேயே திரும்பப் படிந்துவிடும். நாலு கட்டத்தில் இதுதான் சுத்தமாக வந்தது. காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, பூஜை விளக்கோ அடுப்போ பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும்.

நாலாவது, மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்தேன். கலக்காமல் அடித்தால் க்ளியர் கோட் தற்காலிகமாக மென்மையாகிவிடும், அப்போது லேசாகத் தேய்த்தாலும் கீறும். பலர் இதை வேக்ஸ் எடுக்கும் மருந்து என்று நினைக்கிறார்கள். தடித்த கார்னோபாவை இது அசைக்கவில்லை. பாலிஷ் போட்ட பிறகு தங்கும் எண்ணெயை எடுக்க மட்டும் இதற்கு ஈடு இல்லை. ஆகவே கடைசித் துடைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

களிமண் கட்டியா, பாலிஷா?

வேக்ஸ் போன பிறகுதான் அடியில் ஒட்டியிருப்பது கைக்குத் தெரிகிறது. மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுப் பேனலைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு நன்றாகத் தெரியும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியில் பிரேக் இரும்புத் துகள் பின்பக்கமும் சக்கரங்களுக்கு மேலும் குத்திக்கொண்டு நிற்கும். சோப்பு, கரைப்பான் எதுவும் அதை எடுக்காது. இதற்கு இரும்பு ரிமூவர் ஸ்ப்ரே இருக்கிறது. அடித்தால் துகள் உள்ள இடம் ஊதா நிறமாக மாறும், பிறகு அலசிவிடலாம். மீதியைக் களிமண் கட்டி எடுக்கும்.

க்ளே பார் என்று காருக்கென்றே விற்கும் அந்தக் கட்டியை வெறும் பேனலில் உரசவே கூடாது. ஷாம்பூத் தண்ணீர் தாராளமாக அடித்து, சிறு துண்டாகப் பிய்த்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். அடிக்கடி மடித்துப் புது முகத்தைத் திருப்ப வேண்டும். தரையில் விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மனசு கேட்காவிட்டாலும். வாசல் மண்ணில் விழுந்ததை நான் தட்டித் துடைத்து ஓட்டியதில் டிரைவர் பக்கக் கதவில் இரண்டு கோடுகள் விழுந்தன. மிதமான ரகக் களிமண் போதும். அதுவே கறுப்பில் லேசான மங்கலை விடும், அதனால் பிறகு ஒரு மெல்லிய பாலிஷ் தேவைப்படும்.

அந்தப் பாலிஷ் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். மூன்று வருடம் முன்பு ஒரு வாட்டர் வாஷ் கடையில், கேட்காமலேயே ரப்பிங் காம்பவுண்டு என்கிற சொரசொரப்பான பசையைப் போட்டு அதிவேகச் சுழல் மெஷினை ஓட்டிவிட்டார்கள். அன்றைக்குக் கண்ணாடி போல மின்னியது. மறுநாள் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க மேகம் சுற்றுவது போல வளையங்கள். கதவு விளிம்பில் பெயிண்டே தேய்ந்திருந்தது. க்ளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியைவிடக் குறைவு. அதைத் திரும்ப ஏற்ற வழி கிடையாது. பாலிஷ் போட வேண்டுமென்றால் சுழற்சியோடு அசைவும் சேர்ந்த டி.ஏ. மெஷின், மென்மையான ஸ்பாஞ்ச், நைஸ் ரகப் பாலிஷ். அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை போதும். விளிம்புகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.

பனியன் வேஸ்ட் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் அதுதான். இன்ஜினுக்கு நல்லது. கறுப்புப் பெயிண்டுக்கு அதில் உள்ள தையல் முடிச்சு ஒன்றே எமன். அடர்த்தியான மைக்ரோஃபைபர் துணி நாலு வாங்கி, டயருக்கு ஒன்று, பெயிண்டுக்கு மற்றவை என்று பிரித்து வையுங்கள்.

பூசுவதற்கு: இடக் கதவு கார்னோபா, வலக் கதவு சீலன்ட்

அடி சுத்தமான பிறகு, இடப்பக்கம் முழுக்கக் கார்னோபா பேஸ்ட் வேக்ஸ், வலப்பக்கம் முழுக்கச் சீலன்ட் பூசினேன்.

கார்னோபா என்பது பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமான ஒன்று, 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும். தேன்மெழுகு 62–64 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் டப்பாவில் இருப்பது தனிக் கார்னோபா அல்ல. கையால் பூச வருவதற்காக மென்மையான மெழுகும் எண்ணெயும் கரைப்பானும் கலந்திருப்பார்கள். சித்திரை, வைகாசி மதிய வெயிலில் கறுப்புப் பானெட் 70 டிகிரியைத் தொடக்கூடியது. அந்தக் கலவை அப்போது இளகும், தூசியை ஈர்க்கும். அழகில் மட்டும் அதை மிஞ்ச ஆளில்லை. இடக் கதவு எண்ணெய் தேய்த்த கருங்கல் சிலை போல ஆழமாகக் கறுத்தது. வலக் கதவு கண்ணாடி போலப் பளபளத்தது, ஆனால் அந்த ஆழம் இல்லை. கல்யாணத்துக்கோ பூஜைக்கோ ஒரு நாள் நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் நான் கார்னோபாவைத்தான் எடுப்பேன்.

தினமும் ஓடும் வண்டிக்கு அப்படியில்லை. ஐப்பசி மழையில் இடப்பக்கம் ஆறாவது வாரமே தண்ணீர் முத்துகள் தட்டையாகிவிட்டன. வலப்பக்கம் தை மாதம் வரை நின்றது. சீலன்ட் செயற்கைப் பாலிமர், வெயிலுக்கு இளகாது. பூசுவதும் எளிது. ஒரு பேனலுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு, மெல்லிசாக. தடிமனாகப் பூசினால் பலன் கூடாது, எடுக்கும்போதுதான் கை வலிக்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, பிசுக்கில்லாமல் தெளிவாக வந்தால் துடைக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் ஓரம், ரப்பர் பீடிங் இரண்டிலும் டேப் ஒட்டிவிடுங்கள். வெள்ளையாகக் காய்ந்தால் எடுப்பது பெரும்பாடு.

ஸ்ப்ரே வேக்ஸ் தனியாக நிற்காது. கழுவிய பிறகு ஐந்து நிமிடத்தில் அடித்துத் துடைக்க, சீலன்ட்டின் ஆயுளை நீட்ட, நல்ல துணை. கறுப்புச் சாயம் கலந்த வேக்ஸ் கீறலை மறைக்கும், சில தடவை கழுவியதும் கீறல் திரும்ப வந்துவிடும். அழுக்கெடுத்துப் பூசுவதை ஒன்றாகச் செய்யும் க்ளீனர் வேக்ஸ், நேரமில்லாதவர்களுக்கு ஆகும். என் வண்டி மாதிரி அடுக்கடுக்காகப் படிந்ததற்குப் போதாது.

செராமிக் கோட்டிங்கை நிறையப் பேர் பரிந்துரைக்கிறார்கள். வருடக்கணக்கில் நிற்கும், உண்மை. ஆனால் கீழே இருக்கும் சுழல் கீறலையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதால் முன்னதாக முழுப் பாலிஷ் வேண்டும். அந்த வேலைக்குத்தான் பெரும்பகுதிப் பணம் போகிறது. உப்புத் தண்ணீர் வட்டத்தை அது தடுக்காது, அழுக்குத் துணியின் கீறலையும் தடுக்காது. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடும் பழக்கம் மாறாத வீட்டில் அந்தச் செலவு வீண் என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு வாளி காவிரித் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். புதிதாக விழுந்த உப்பு வட்டத்துக்குச் சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர் போதும். அது வேக்ஸையும் கொஞ்சம் எடுக்கும், ஆகவே அந்த இடத்தில் மட்டும் தொடுங்கள்.

கீழேயா, மேலேயா?

ஏற்காடு குளிர்ச்சியாக இருக்கிறது, மாமா வீட்டில் நிழலும் இருக்கிறது, அங்கேயே பூசலாமே என்று ஒரு முறை முயன்றேன். 1,500 மீட்டர் உயரத்தில் பேனல் சூடாகாது, அது பெரிய வசதி. ஆனால் காற்றில் ஈரம். பூசிய வேக்ஸ் காயவே இல்லை, இழுவிக்கொண்டே வந்தது. சாயங்காலம் பனி இறங்கி, சில்வர் ஓக் மரத்திலிருந்து சொட்டி, சீலன்ட் இறுகுவதற்குள் புள்ளி புள்ளியாகிவிட்டது. சீலன்ட்டுக்குப் பூசிய பிறகு ஈரமில்லாத 12 மணி நேரமாவது வேண்டும். களிமண், பாலிஷ் வேலையை மேலே நிழலில் நிதானமாகச் செய்துகொண்டு, பூசுவதைச் சேலத்தில் போர்டிகோவுக்குள், காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் முடிப்பதுதான் எனக்குச் சரியாக வருகிறது.

என் வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்த வரிசை இது. வெறும் தண்ணீர், பாத்திர லிக்விட், திட்டு மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் கிரீஸ் ரிமூவர், களிமண், நைஸ் பாலிஷ், ஆல்கஹால் துடைப்பு, பிறகு வண்டி முழுக்கச் சீலன்ட். இந்த வருடம் ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்தோம். புது வேக்ஸில் மஞ்சள் கறை பிடித்தால் அதோடு போராட வேண்டியிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

அடுத்த பூச்சுக்கு மார்கழிக் கடைசியைக் குறித்து வைத்திருக்கிறேன். தையில் வாசல் மாமரம் பூக்கத் தொடங்கினால் தத்துப்பூச்சியின் தேன்பிசின் கார் முழுக்கச் சொட்டும். அதற்கு முன்னால் சீலன்ட் பிடித்திருந்தால் ஈரத் துணியிலேயே வந்துவிடும்.