8 பேர் லிஃப்ட்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் கேபின் உட்புறம்

நம் அடுக்குமாடிகளில் வழக்கமாகப் போடும் 8 பேர் லிஃப்டில் (544 கிலோ) கேபின் அகலம் 1300 மி.மீ., ஆழம் 1100. எட்டுப் பேர் நிற்க இது போதும், நீளமான சக்கர நாற்காலிக்குப் போதாது. கால்தாங்கியோடு நாற்காலியின் நீளம் 1200 வரை வரும். நேராகத் தள்ளினால் பின்சுவரில் முட்டிக்கொள்ளும், கதவு மூடாது. 10 பேர் லிஃப்டுக்கு (680 கிலோ) அகலம் அதேதான், ஆழம் மட்டும் 1350. ஷாஃப்ட் (லிஃப்ட் ஏறி இறங்கும் செங்குத்துக் கூடு) எழும்பும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும். அப்புறம் உள்ளே என்ன இழைத்தாலும் ஓர் அங்குலம்கூடக் கிடைக்காது.

அலங்காரத்தில் முதலில் வம்பு தருவது தரை. லிஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகு, லாபிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று 20 மி.மீ. கிரானைட் பதிப்பார்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ என்றால் மொத்தம் 77 கிலோ. எப்போதும் ஓர் ஆள் உள்ளேயே நிற்கிற கணக்கு. கேபினுக்கு ஈடாக மறுமுனையில் தொங்கும் கவுன்ட்டர்வெயிட்டைத் திரும்பச் சரிசெய்யாவிட்டால் மோட்டாருக்கும் பிரேக்குக்கும் பளு. பழைய இரட்டை வேக மோட்டார்களில் கேபின் தளத்துக்குச் சற்றுக் கீழே போய் நிற்கும், நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அந்தப் படியில் மாட்டும். வழுக்காத 2 மி.மீ. வினைலே போதும். மிதியடி வேண்டவே வேண்டாம், ஊன்றுகோல் அதோடு சேர்ந்து நகரும்.

பின்சுவர்க் கண்ணாடி தலைவாரிக்கொள்ள அல்ல. திருப்ப இடமில்லாததால் நாற்காலி பின்னோக்கித்தான் வெளியே வரும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அதில்தான் தெரியும். தரையிலிருந்து 300 மி.மீ. விட்டு ஆரம்பிக்கட்டும். அடிவரை இறக்கினால் கால்தாங்கி இடித்து விரிசல் விடும், பார்வை மங்கியவர்களுக்குத் தரை அப்பாலும் நீள்வதாகத் தோன்றும். மற்ற சுவர்களுக்கு மேட் ஸ்டீல். பளபளப்பில் ஸ்பாட் லைட் பட்டுக் கண் கூசும். கைப்பிடிக் கம்பி 900 உயரத்தில், சுவருக்கும் அதற்கும் 35 இடைவெளியோடு.

டச் பட்டன்தான் மிக மோசம். விரலால் தடவித் தேடுகிறவர் தொட்ட மாடியெல்லாம் பதிவாகிவிடும். அழுத்தினால் உள்ளே போகிற, எண் புடைத்த பட்டன் தேவை: 900 முதல் 1200 உயரத்துக்குள், மூலையிலிருந்து 400 தள்ளி. பிரெயிலை ஸ்டிக்கராக ஒட்டாதீர்கள். துடைக்கத் துடைக்க ஓரம் கிளம்பிவிடும்.

கதவு தானாக மூட குறைந்தது 5 விநாடி என்கிறது நம் நாட்டு மாதிரிக் கட்டட விதி. அவசரக்காரர்கள் சொல்லி டைமரைக் குறைத்திருக்கலாம். சர்வீஸ் ஆள் வரும்போது பார்க்கச் சொல்லுங்கள். கதவில் ஆள் இருப்பதை உணர்வது ஒற்றைக் கதிர் சென்சாராக இருந்தால், மேலிருந்து கீழ்வரை பல கதிர்கள் ஓடும் லைட் கர்ட்டனுக்கு மாற்றுங்கள். ஒரே உயரத்தில் ஓடும் கதிருக்கு, அதற்குக் கீழே நீட்டிய கால்தாங்கி தெரியாது.