பத்து மடங்கு போதும்: பூச்சி பார்க்க ஒரு மடக்கு லென்ஸ்

பூச்சிகளைக் கவனித்துப் பார்க்க விரும்புவோர் முதலில் வாங்க வேண்டியது கேமராவும் அன்று, நுண்ணோக்கியும் அன்று. நல்ல கை லென்ஸ் ஒன்றுதான். பெலாரஸ் நாட்டின் பெலோமோ நிறுவனம் தயாரிக்கும் 10 மடங்கு மடக்கு லென்ஸைத் தோட்டத்திலும் வயல் வரப்பிலும் பயன்படுத்திய பிறகு இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. 21 மி.மீ. விட்டமுள்ள வில்லையும், அதை மடக்கி வைத்துக்கொள்ள ஓர் உலோக உறையும் மட்டுமே கொண்ட எளிய கருவி இது. மின்கலம் வேண்டாம், சட்டைப்பையில் அடங்கிவிடும்.

இதில் மூன்று கண்ணாடிகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு ஒரே வில்லையாக அமைந்திருக்கின்றன. ஒற்றைக் கண்ணாடியாலான மலிவு லென்ஸ்களில் பூச்சியின் உடலைச் சுற்றி இல்லாத நிறங்கள் கரை கட்டித் தெரியும். நடுப்பகுதி தெளிவாக இருந்தாலும் விளிம்பு வளைந்து கலங்கும். மூன்று கண்ணாடிகள் சேரும்போது இவ்விரு குறைகளும் பெருமளவு நீங்கிவிடுகின்றன.

இணையக் கடைகளில் ‘40 மடங்கு’ என்று அச்சிட்டு விற்கப்படும் பெரிய வட்ட லென்ஸ்களை நம்ப வேண்டாம். 250 மி.மீ. என்ற வழக்கமான பார்வைத் தூரத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் குவியத் தூரம், அதாவது பொருளை லென்ஸுக்கு எவ்வளவு அருகில் வைத்தால் தெளிவாகத் தெரியும் என்பது, கிடைக்கும். 10 மடங்குக்கு அது 25 மி.மீ.; 40 மடங்குக்கு ஆறேகால் மி.மீ. மட்டுமே. அவ்வளவு நெருங்கினால் வெளிச்சமும் மறையும், பூச்சியும் ஓடிவிடும். ஆகவே, பொருள் தெளிவாகத் தெரியும் நிலையில் லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஓர் அளவுகோலால் அளந்து பாருங்கள். 25 மி.மீ. அளவில் வந்தால், உறையில் என்ன எழுதியிருந்தாலும் அது 10 மடங்குதான்.

பிடிக்கும் முறையைப் பலரும் அறிவதில்லை. பூதக்கண்ணாடியைப் போலக் கையை நீட்டிப் பிடித்தால் பொட்டளவு இடமே தெரியும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, இலையைத்தான் மெல்ல அதன் அருகே கொண்டுவர வேண்டும்.

இதன் உண்மையான பயன், எந்தப் பூச்சியை விட்டுவைப்பது என்பதை மருந்து தெளிப்பதற்கு முன்பே காட்டிவிடுவதுதான். செம்பருத்தியிலும் கொய்யாவிலும் வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடக்கும் மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, அவற்றைப் போலவே வெண்மெழுகு இழைகளால் உடலை மூடிக்கொண்டு இன்னொரு புழு திரிவதுண்டு. கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு அது. மாவுப்பூச்சிகளைத் தின்றே வளர்வது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆகவே இரண்டுக்கும் ஒரே மருந்துதான் விழுகிறது. லென்ஸின் கீழே குழப்பம் தீர்ந்துவிடும்: மாவுப்பூச்சி இருந்த இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை, இந்தப் புழுவோ உருவத்தில் பெரிது, மெழுகு இழைகள் நீளமானவை, கால்களை ஊன்றி விறுவிறுவென்று நடந்து இரையைத் தேடுகிறது. 1898இலேயே காப்பித் தோட்டங்களின் செதில் பூச்சிக்கு எதிராக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு இது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் தோட்டங்களில் அது பகைவனாகவே எண்ணிக் கொல்லப்படுவது வருந்தத்தக்கது.

2008இல் கோவைப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவி, கொங்கு மாவட்டங்களின் உழவர்களைக் கலங்கடித்தது பலருக்கும் நினைவிருக்கும். அதை அடக்கியது பூச்சிக்கொல்லி அன்று. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவிதான். உடல் நீளம் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாத அந்தக் குளவி, இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. அதன் புழு உள்ளேயே தின்று வளர்ந்து வெளியேறும்போது மாவுப்பூச்சியின் கூடு மட்டுமே எஞ்சுகிறது. இவ்வளவு சிறிய உயிரின் உறுப்புகளைப் பிரித்தறிய 10 மடங்கு போதாதுதான். ஆனால் அது விட்டுச்சென்ற தடயத்தைக் காணப் போதும். செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளின் கூட்டத்திலும் இதே தடயத்தைப் பார்க்கலாம்: வேறொரு வகைக் குளவியால் தாக்கப்பட்ட அசுவினி உப்பிப்போய், பழுப்பு நிறமேறி, காகிதம்போலக் காய்ந்திருக்கும், முதுகில் ஒரு வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். அத்தகைய உப்பிய உடல்கள் நிறையத் தென்பட்டால் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டுச் சில நாள் காத்திருப்பதே அறிவுடைமை.

கரும்பு உழவர்களுக்கு இதன் பயன் இன்னும் நேரடியானது. கரும்பைத் துளைக்கும் துளைப்பான் புழுக்களுக்கு எதிராக வயலில் கட்டப்படும் டிரைக்கோகிரம்மா (பூச்சி முட்டைகளுக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவி) அட்டைகளில் ஒட்டப்பட்டிருப்பவை அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். உள்ளே இந்தக் குளவி வளர்ந்தால் அவை கறுத்துவிடும். அட்டையில் எவ்வளவு பகுதி கறுத்திருக்கிறது, கறுத்த முட்டைகளில் துளை விழுந்து குளவிகள் முன்பே பறந்துவிட்டனவா என்பதை வயலுக்குக் கொண்டுபோகும் முன் லென்ஸால் பார்த்துவிடலாம். காலியான அட்டையைக் கட்டிவிட்டு, உயிரியல் முறை பயன்தரவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

மாடித்தோட்டக்காரர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும் வெள்ளைப் பொடிபோல எழும்பித் துள்ளுபவை பெரும்பாலும் வாலால் துள்ளும் கொலம்போலா வகைச் சிற்றுயிர்கள். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் பிளவுபட்ட உறுப்பொன்றைத் தரையில் அறைந்து அவை எம்புகின்றன. பூஞ்சணத்தையும் மக்கும் இலையையும் தின்று மண்ணை வளமாக்க உதவும் இவற்றுக்கு மருந்து ஊற்றுவது வீண் செலவு.

இந்த லென்ஸால் நான் பார்த்தவற்றில் மிகவும் வியக்க வைத்தது அத்திக்காய். ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்பது நம் பழமொழி. பழுப்பதற்குச் சற்று முந்தைய பருவத்தில் காட்டத்தியின் காயைப் பிட்டு லென்ஸை வைத்தால், உள்ளே இருப்பவை புழுக்கள் அல்ல, குளவிகள் என்பது தெரியும். இறக்கையற்ற ஆண்கள் காயின் சுவரைக் கடித்து வழி உண்டாக்குகின்றன. கருமையான பெண் குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அவ்வழியே வெளியேறி வேறொரு மரத்தின் இளங்காயைத் தேடிப் போகின்றன. ஆண்கள் வெளியுலகில் வாழாமல் அங்கேயே முடிந்துபோகின்றன. இந்தக் குளவி இல்லையேல் அத்திக்கு விதையில்லை. ஆலுக்கும் அரசுக்கும் இதே கதைதான், அவற்றுக்குரிய குளவிகள் வேறு. பழுத்த ஆலமரத்தில் கூடும் குயிலும் பச்சைப்புறாவும் வௌவாலும் கடைசியில் இந்த இரண்டு மில்லிமீட்டர் உயிரையே நம்பியிருக்கின்றன.

குறைகளும் உண்டு. 25 மி.மீ. தூரம் என்பதால் பறக்கும் தேனீ, தட்டான், வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றுக்கு இது உதவாது. அவற்றுக்கு அருகில் குவியும் இருகண்நோக்கியே ஏற்றது. கொசுத்தேனீயின் பின்காலில் ஒட்டியிருக்கும் மகரந்த உருண்டையைப் பார்க்க வேண்டுமானால், கண்ணாடிக் குப்பியில் சிறிது நேரம் பிடித்து வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. பொறிவண்டின் முதுகு தெளிந்தால் கால் மங்கும். விளக்கு இல்லாததால் மரநிழலில் ஒளிக்குத் திண்டாட வேண்டியிருக்கும். படமெடுத்து வைத்துக்கொள்ள விரும்புவோர் கைபேசியில் பொருத்தும் மேக்ரோ லென்ஸை வாங்கலாம், ஆனால் அதன் திரையில் ஓடும் பூச்சியைப் பின்தொடர்வது எளிதன்று.

கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கக் கூடாது, மண்துகள் கீறிவிடும். ஊதிவிட்டு மென்துணியால் துடைத்தால் போதும். லென்ஸ் வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைச் சிறுவர்களிடம் கொடுக்கும்போது கட்டாயம் சொல்ல வேண்டும். மாடித்தோட்டம் வைத்திருப்போருக்கும், பயிர்ப் பாதுகாப்புக்குச் செலவழிக்கும் உழவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பூக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் படமெடுப்பதே நோக்கமென்றால் இதை வாங்க வேண்டிய தேவையில்லை.