திரையில் 60 டிகிரி, உள்ளே பச்சைத் தண்ணீர்

தள்ளுபடியில் விலை இறங்கியிருக்கிறதாம். “மச்சான், உங்க வீட்டு வாஷிங் மெஷினையே நாங்களும் எடுத்துடலாமா?” என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டார். அதற்கு ஹீட்டர் மாற்றிக் காசு கொடுத்த அதே வாரத்திலா கேட்க வேண்டும்!

ஏழு கிலோ ஃப்ரண்ட் லோடு. துவைப்பதில் குறை சொன்னால் பாவம். சட்டைக் காலரைக் கையால் தேய்க்க வேண்டியதில்லை. பிழிந்து தரும் துணி மழைக்காலத்திலும் சீக்கிரம் காய்கிறது. சத்தமும் குறைவு.

என் கோபம் வேறு. தண்ணீரைச் சூடாக்குவது நின்றுபோன பிறகும் இந்த மெஷின் அதைச் சொல்லவே இல்லை. 60 வைத்தால் திரையில் 60 ஒளிரும், நேரம் இறங்கும், முடிந்ததும் ஒரு பாட்டும் பாடும். உள்ளே சுழன்றதெல்லாம் பச்சைத் தண்ணீர். சில மெஷின்கள் பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். இதிலும் தண்ணீரின் சூட்டைப் பார்க்க சென்சார் இருக்கிறது. அப்படியென்றால் அதற்குத் தெரியும்தானே? தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

கோடையில் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சென்னையில் மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடச்சுடத்தான் வரும். ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. தலையணை உறையில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே நின்றது, துண்டில் முடை நாற்றம், கதவு ரப்பர் மடிப்பில் வழவழவென்று ஏதோ படிந்திருந்தது.

சந்தேகம் இருப்பவர்கள் 60 டிகிரியில் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் கதவுக் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட வேண்டும். இன்னொரு வழி ஈபி மீட்டர். இந்த மெஷின்களின் ஹீட்டர் பெரும்பாலும் 2000 வாட்ஸை ஒட்டியிருக்கும். யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று போட்டிருக்கும் மீட்டரானால், ஹீட்டர் ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு நொடிக்கு இரண்டு முறை போல மின்னும். எங்கள் வீட்டில் அது தூங்கி வழிந்தது.

கம்பெனியிலிருந்து வந்தவர் கழற்றிக்கூடப் பார்க்காமல் “போர்டு போயிருக்கும் சார்” என்றார். விலையைக் கேட்டதும் எனக்குத்தான் தண்ணீர் தேவைப்பட்டது. கையோடு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றையும் நீட்டினார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் ஹீட்டர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். நல்ல ஹீட்டர் 25, 30 ஓம் காட்டுமாம். இதில் ஒன்றுமே காட்டவில்லை. உருவி எடுத்தால் காயில் முழுக்க வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பாளம்.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகக் காயிலின் மேலேயே படிந்துவிடும். படிவு தடிக்கத் தடிக்கக் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாது. உள்ளேயே சூடேறிக் காயில் அறுந்துபோகும். நியாயமாகப் பார்த்தால் தண்ணீர் எங்களுடையது, கம்பெனி ஊற்றியதல்ல. ஆனால் பாதிப் பேர் போர் தண்ணீரில் துவைக்கும் ஊரில் விற்கிறவர்களுக்கு இது தெரியாதா என்ன? முன்பக்கம் ‘மோட்டாருக்கு 10 வருட வாரண்டி’ என்று தட்டு அளவுக்கு ஸ்டிக்கர். ஹீட்டருக்கு இரண்டே வருடம் என்பது கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில். நான் பார்த்தவரை மோட்டார் போனது என்று யாரும் புலம்பிக் கேட்டதில்லை.

மாதம் ஒருமுறை நூறு கிராம் சிட்ரிக் ஆசிட்டைப் போட்டு, துணியில்லாமல் 60 டிகிரியில் ஓட்டச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். நாற்றம் போய்விட்டது, உறைகள் பளிச்சென்று வருகின்றன, வேட்டி பழையபடி வெளுக்கிறது. கையால் துவைத்தால்கூட இவ்வளவு சுத்தம் வராது என்று வீட்டில் ஒரே பாராட்டு. அதிலும் தப்பில்லை.

இருந்தாலும் மாப்பிள்ளை, இதை வாங்காதீர்கள். சூடாகவில்லை என்றால் சூடாகவில்லை என்று சொல்கிற மெஷின் எதுவோ, அதைப் பாருங்கள். ஐந்துக்கு இரண்டுதான் கொடுக்கிறேன். நான்கு கொடுக்கத் தகுந்த மெஷின்தான், இந்த மாதம் கொடுக்க மனசு வரவில்லை.