ட்ரை பேக், நாலு வருஷம், மூன்று அந்தமான் பயணம்: நனையாது, ஆனால் கத்தும்

போன வாரம் என் ட்ரை பேக்கின், அதாவது தண்ணீர் புகாத பையின், கிளிப் உடைந்தது. பாரிமுனையில் பை தைப்பவரிடம் கொடுத்து மாற்றி வாங்கினேன், அறுபது ரூபாய். அன்றைக்கே நண்பன் கேட்டான்: "பிப்ரவரியில் அந்தமான் போகிறோம், பறவை பார்க்கத்தான். உன்னுடைய அந்த ஆரஞ்சுப் பை இப்போது 1,250க்கு வருகிறது, வாங்கலாமா?" நான் கொடுத்தது 2,300. அந்த எரிச்சல் இதில் கொஞ்சம் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முப்பது லிட்டர், வாயை மடித்துச் சுருட்டிப் பூட்டும் ரகம். மற்றதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் பயணம் 2022 ஜனவரியில், சென்னையிலிருந்து கப்பலில். கிட்டத்தட்ட மூன்று நாள். விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான், ஆனால் பதினைந்து கிலோவுக்கு மேல் போனால் கிலோவுக்குக் கிலோ காசு. அப்போது டிரைபாடு, ரப்பர் செருப்பு, இரண்டு துண்டு, அரிசிப் பொரி என்று வீட்டையே கட்டிக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு இருந்தது.

வடக்கு அந்தமானில் டிக்லிப்பூர் பக்கம் ஏரியல் பே துறையிலிருந்து ராஸ், ஸ்மித் தீவுகளுக்கு டோங்கியில் போனபோதுதான் பையின் அருமை தெரிந்தது. டோங்கி என்பது அங்கே ஓடும் சின்ன மோட்டார் படகு. படகுக்காரர் தமிழர். "அண்ணே, பைய மடியில வச்சுக்கங்க, இந்த எடத்துல தண்ணி அடிக்கும்" என்றார். அடித்தது. அருகில் இருந்தவரின் தோள்பை பிழிந்தால் ஒரு குடம் தேறும். நான் பையைத் திறந்து பார்த்தேன், தீப்பெட்டி கூட நமுக்கவில்லை.

சரி, இப்போது வெல்க்ரோவுக்கு வருகிறேன்.

சுருட்டுவதற்கு முன் வாயின் இரண்டு உதடும் நேராக ஒட்டிக்கொள்ள, விளிம்பு நெடுக ஒரு விரல் அகல வெல்க்ரோப் பட்டை தைத்திருக்கிறார்கள். பிரிக்கும்போது அது போடும் சத்தம் இருக்கிறதே, பழைய வேட்டியைக் குறுக்கே கிழிக்கிற மாதிரி. மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையும் என்று நினைப்பீர்கள். குறையாது, நீளும். வேகமாக இழுத்தால் ஒரு 'கர்ர்'. மெதுவாக இழுத்தால் பல்லுக்குப் பல்லாக அரை நிமிஷம்.

வீட்டில் இது ஒரு குறையே இல்லை. சிடியா டாப்புவில் குறைதான். போர்ட் பிளேரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர், எல்லோரும் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போகிற இடம். (ஊரின் பெயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஆட்டோக்காரர் இன்னும் பிளேர் என்றுதான் சொல்கிறார்.) கூட்டம் திரும்பிய பிறகு காட்டோரச் சாலையில் அந்தமான் கானாங்கோழி வெளியே வரும். செங்காவி உடம்பு, வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கோடு. உலகத்தில் அந்தமான் தவிர வேறெங்கும் கிடையாது, கூச்சமோ கூச்சம். இலைச்சருகுக்குள் நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஜனவரியில் அங்கே ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடும். நம் கடிகாரம் ஓடுவது உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர்ப் பக்கத்துக் கணக்கில், தீவோ அதற்குப் பத்து டிகிரி கிழக்கே. இதைக் கணக்கில் வைக்காமல் டார்ச்சைப் பைக்குள்ளேயே விட்டிருந்தேன். கோழி புதரிலிருந்து தலையை நீட்டியது. ஒரு கால் சாலையில். எனக்கு உருவம் மட்டும்தான் தெரிகிறது. கை தானாகப் பைக்குப் போனது.

கர்ர்ர்.

அப்புறம் கோழியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பயணத்தில் மறுபடி அதைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது தடவை காளிப்பூர் கடற்கரை. நான்கு வகைக் கடலாமை முட்டையிட வரும் இடம் அது. தோணியாமை, பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை. வெள்ளை வெளிச்சம் காட்டக் கூடாது, சிவப்பு விளக்குதான். என் சிவப்பு விளக்கு எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டுமா? பிரித்த சத்தம் ஆமைக்குக் கேட்டதோ இல்லையோ, வனத்துறைக் காவலருக்குக் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையை இங்கே எழுதிக் காட்ட எனக்கு வரவில்லை.

இந்த வெல்க்ரோவால் என் மூட்டை கட்டும் முறையே மாறிப்போனது. பையைத் திறக்கக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பைனாகுலர் கழுத்தில், டார்ச் சட்டைப் பையில், தண்ணீர் பாட்டில் இடுப்பில், மணல் ஈக்கு வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்த சின்னப் புட்டி இன்னொரு பாக்கெட்டில். அதைத் தடவாமல் மாலையில் கடற்கரையில் உட்கார்ந்தால் ஒரு வாரம் சொறிவீர்கள். பறவை பார்க்கத் தேவையான அத்தனையும் பைக்கு வெளியே. பைக்குள் இருப்பதோ நனைந்தாலும் பரவாயில்லை என்கிற சட்டையும் வேட்டியும். இதற்கா 2,300?

சுமை குறைந்தது என்னவோ நிஜம். மூன்றாவது பயணத்தில் ஒன்பது கிலோ. டிரைபாடு வீட்டில்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும், இது பையின் தப்பில்லை, என் தப்பு. தண்ணீரை உள்ளே விடாத பை ஈரத்தை வெளியேயும் விடாது. 2023இல் ஈரத் துண்டையும் கேமரா லென்ஸையும் ஒன்றாகப் போட்டுச் சுருட்டிவிட்டு, டிக்லிப்பூரிலிருந்து போர்ட் பிளேருக்கு பஸ் ஏறினேன். கிட்டத்தட்ட ஒரு பகல் ஓடும் பஸ். வழியில் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வருவதால் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும், படம் எடுக்கவும் தடை. அதனால் பையைத் திறக்கிற தேவையே வரவில்லை. சாயங்காலம் திறந்தால் ஆவி. சென்னை வந்து இரண்டு மாதத்தில் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. இப்போதெல்லாம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் போடுகிறேன். ஈரம் குடித்து நிறம் மாறினால் வீட்டுக்கு வந்ததும் இரும்புத் தோசைக்கல்லில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். வீட்டில் யாரும் வறுகடலை என்று கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் துணிக்குத் தனிப் பை. அவ்வளவுதான், இதில் வேறு ரகசியம் இல்லை.

இன்னொரு மகிழ்ச்சி, எதிர்பாராதது. பையில் காற்றை அடைத்துச் சுருட்டினால் நல்ல இருக்கை. சிப்பிகாட்டில் மூன்று மணி நேரம் அதன் மேல் உட்கார்ந்துதான் அந்தமான் கிளுவையைப் பார்த்தேன். 2004 டிசம்பர் பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் இறங்கி, கடல்நீர் ஏறி நின்ற வயல்வெளி அது. விவசாயிக்கு வயிற்றெரிச்சல், நீர்ப்பறவைக்கு விருந்து. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இருபது முப்பது வாத்து. பைனாகுலர் கழுத்தில் இருந்ததால் பையைத் தொடவே இல்லை, அவையும் பறக்கவில்லை.

இப்போது பாரிமுனைக்குத் திரும்புகிறேன். கிளிப்பை மாற்றிய பெரியவர் வெல்க்ரோவை இரண்டு தரம் பிரித்து ஒட்டிப் பார்த்தார். "இது எதுக்கு சார்? இது இல்லாமலே மடியுமே" என்றார். உதடு நேராக நிற்க என்றேன். "விரலால புடிச்சா நிக்காதா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பிளேடை எடுத்துத் தையலை அறுத்தார். பத்து நிமிஷம். அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை. தையல் ஓட்டை விளிம்பில் இருப்பதால் மூன்று சுருட்டுக்குள் மறைந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து உள்ளே செய்தித்தாளை வைத்து, வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க அமுக்கி வைத்தேன். காலையில் தாள் மொறமொற என்று இருந்தது. திறக்கும்போது ஒரு சத்தமும் இல்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கென்னவோ கோபம்தான் வந்தது. பத்து நிமிஷ வேலைக்கு நாலு வருஷம், ஒரு கானாங்கோழி.

அதனால் நண்பனுக்கு 'வாங்காதே' என்றே பதில் போட்டேன். "அப்போ உன்னுடையதைக் கொடேன், பத்து நாள்தானே" என்கிறான். முடியாது, மார்ச்சில் நான் மறுபடி சிடியா டாப்பு போகிறேன்.