ராயபுரத்தில் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

என் மகள் படிக்கும் அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியைப் பற்றி ராயபுரத்தில் புதிதாகக் குடியேறுவோர் முதலில் கேட்பது, கிறித்தவரல்லாத பிள்ளை அங்கே ஒட்டுமா என்பதைத்தான். பள்ளியின் பெயரைத் தவிர்த்து விடை சொல்கிறேன்: எங்கள் குடும்பம் கிறித்தவக் குடும்பமன்று, மகளுக்கு அங்கே ஒரு நாளும் அயலிடமாகத் தோன்றியதில்லை. பள்ளிக்குள் ஒரு பிளவு உண்டு, ஆனால் அது மதத்தால் வந்ததன்று.

காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, விவிலிய வாசகம், திருக்குறள் மூன்றும் உண்டு. அதன்பின் கத்தோலிக்க மாணவியர் மறைக்கல்விக்கும் ஏனையோர் நன்னெறி வகுப்புக்கும் செல்கின்றனர். அரசு நிதி பெறும் கல்வி நிலையத்தில், பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3) ஆவது பிரிவு கூறுகிறது; அந்த எல்லையை இங்குள்ள சிஸ்டர்கள் சொல்லாமலே காக்கின்றனர். டிசம்பரில் வகுப்புதோறும் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறார்கள். மணலும் கிழிந்த வலையும் காசிமேட்டுப் பிள்ளைகளின் பொறுப்பு, துணி வெட்டுகள் எம்.சி. சாலைக் கடைக்காரர் வீட்டுப் பெண்களுடையது. நாடகத்தில் அசையாமல் நிற்கத் தெரிந்தவளுக்கே மரியாள் வேடம். அதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை.

இந்தப் பள்ளியை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம் ஜூன் மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, படகில் கூலிக்குச் செல்வோர் வீடுகளில் வருமானம் அறவே நின்றுபோகும் அந்த நேரத்தில்தான் பள்ளி திறந்து, சீருடை, நோட்டு, கட்டணம் என்று செலவுகள் வரிசையாக வருகின்றன. அலுவலகத்தில் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. படகுகள் மீண்டும் கடலுக்குப் போனபின் தவணையாகக் கட்டலாம் என்பது எழுதப்படாத வழக்கமாக இருக்கிறது. மேல் வகுப்பினரின் சீருடைகளைத் துவைத்துத் தேய்த்து வாங்கிவைத்து, கேட்பவருக்குத் தனியே அழைத்துக் கொடுக்கிறார்கள். மேடையில் ஏற்றிக் கொடுத்துப் படம் எடுக்கும் பழக்கம் நல்லவேளையாக இல்லை.

இனி, பிளவு. ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் தமிழ்வழி வகுப்புகளும் கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கிலவழி வகுப்புகளும் இயங்குகின்றன. இரண்டுக்கும் இடைவேளை வெவ்வேறு நேரம், ஆண்டு விழாவும் வெவ்வேறு நாள். ஒரே தெருவில் வளர்ந்த சிறுமிகள் பள்ளி வாயிலைத் தாண்டியதும் பிரிந்து, மாலையில்தான் மறுபடி சந்திக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தை வேலைநாள் காலை பத்து மணிக்கு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மீன் விற்கும் தாய்மார்கள் அந்நேரம் கூடையோடு தெருவில் இருப்பார்கள். ஆகவே பேசுவோரும் பொறுப்புக்கு வருவோரும் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பெற்றோரே. ஞாயிறு திருப்பலிக்குப்பின் கூட்டலாமே என்று கேட்டதற்கு, ஆலோசிப்பதாகச் சொன்னார்கள், இன்னும் ஆலோசிக்கிறார்கள்.

கழிப்பறைகள் தூய்மை. விளையாட்டு மைதானம் சிறியது. பள்ளி விடும் நேரத்தில் ஆட்டோக்களால் சந்து அடைத்துக்கொள்ளும்.

சேர்க்கைக்கு வருவோருக்கு ஒரு சொல்: மேலானது என்று எண்ணி ஆங்கிலவழிக்கு ஓட வேண்டாம். தமிழ்வழியில் அரசு ஊதியம் பெறும் நிரந்தர ஆசிரியர்கள் நீடித்து நிற்கிறார்கள். சுயநிதிப் பிரிவில் ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன. உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2024-25 முதல் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் உண்டு. ஆனால் மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியது. அதை எதிர்பார்ப்பவர்கள் அரசுப் பள்ளியையே நாட வேண்டும்.