பியூர் டேட்டாவில் நாயனம்: ஒரு மேடைக் கீபோர்டுக்காரரின் மதிப்பீடு

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்: எந்த மாடல் வாங்கினாலும் அதில் உருப்படியான நாயன டோன் இருக்காது. ஓபோ இருக்கும், ஷெனாய் இருக்கும். ஆடி மாதம் அம்மன் கோயில் கச்சேரியில் நாயன பிட் வந்தால், ஷெனாயைப் போட்டுப் பிட்ச் பெண்டரை ஆட்டிச் சமாளிப்போம். கூட்டத்தில் உண்மையான நாயனம் கேட்டுப் பழகிய பெரியவர் ஒருவர் இருந்தால் போதும், அவர் முகமே சொல்லிவிடும்.

நான் புரசைவாக்கத்தில் இருக்கிறேன். மண்டபம், கோயில் என்று அழைக்கும் இடமெல்லாம் போய் வாசிக்கிறேன். எனக்கு வேண்டிய டோனை நானே செய்துகொள்ளத்தான், பெட்டிகளை வயரால் இணைத்துக் கணினியில் ஒலி உருவாக்கும் மென்பொருளான பியூர் டேட்டாவைக் கையில் எடுத்தேன். சுருக்கமாக பிடி என்பார்கள். கச்சேரிக்காரன் கண்ணோட்டத்தில் அது எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.

முதலில் அதன் பிறப்பு. மில்லர் பக்கெட் 1980களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் என்ற மென்பொருளைத் தொடங்கியவர். கணினியில் இசை செய்வதற்கு 1957லேயே வழிகாட்டிய மேக்ஸ் மேத்யூஸின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். அமெரிக்காவில் சான் டியேகோ பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, 1990களில், புதிதாக எழுதியது பியூர் டேட்டா. மேக்ஸ் இன்று காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். பியூர் டேட்டா முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

திறந்தால் ஒரு வெள்ளைத் தாள், அவ்வளவுதான். டோன் பட்டியல், கீபோர்டு படம், குமிழ் எதுவும் கிடையாது. கண்ட்ரோல் 1 அழுத்தினால் ஒரு பெட்டி வரும், அதற்குள் பெயர் எழுத வேண்டும். ஒரு பெட்டியின் அடியிலிருந்து இன்னொன்றின் தலைக்கு வயர் இழுக்க வேண்டும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் பெட்டி புள்ளிக்கோட்டோடு நிற்கும், வேலை செய்யாது. வால் மாதிரி ஒரு அலைக்குறி (~) போட்ட பெட்டிகள் ஒலியைச் சுமப்பவை, போடாதவை வெறும் எண்களையும் செய்திகளையும் சுமப்பவை. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒலி 64 சாம்பிள் (ஒலியின் ஒரு கண அளவீடு) கொண்ட துண்டுதுண்டாகக் கணக்கிடப்படுகிறது. நொடிக்கு 44100 சாம்பிள் வேகத்தில் ஒரு துண்டு சுமார் 1.45 மில்லி செகண்டு.

நாயனத்துக்கு நான் போட்ட வழி இது. நாயனத்தின் குழல் கூம்பு வடிவம், வாயில் சீவாளி, அதாவது ஊதும் நாணல். கூம்புக் குழலில் எல்லா ஹார்மோனிக்ஸும், அதாவது அடிச் ஸ்வரத்தின் 2, 3, 4 மடங்குகளில் எழும் மேல் ஒலிகளும், வரும். அதனால் ரம்பப்பல் அலை தரும் ஃபேஸர் பெட்டியில் தொடங்கினேன். அது 0 முதல் 1 வரை ஏறி விழும், அரை கழித்தால் நடுவுக்கு வரும். அதை இரண்டு பேண்ட்பாஸ் ஃபில்டர்களில் (குறிப்பிட்ட சுருதிப் பகுதியை மட்டும் விடும் வடிகட்டிகள்) விட்டேன், ஒன்று 1000 ஹெர்ட்ஸ் பக்கம், இன்னொன்று 3000 பக்கம். மீதியைக் காதால் நகர்த்தினேன். கொஞ்சம் நாய்ஸை (இரைச்சலை)ச் சேர்த்தால் மூச்சு வருகிறது. நாயனம் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும் என்பது பெரிய சௌகரியம், பல குரல்களை அடுக்கும் தலைவலியே இல்லை.

உயிர் இருப்பது கமகத்தில். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக லைன் பெட்டி இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய எண்ணையும் மில்லி செகண்டையும் கொடுத்தால் நடுவில் உள்ள எல்லாவற்றையும் அதுவே நிரப்பும். இங்கே ஒரு விஷயம்: வழுக்கலை ஹெர்ட்ஸில் செய்யாமல் மிடி எண்ணில் (ஒவ்வொரு அரைஸ்வரத்துக்கும் ஒன்று கூடும் சாவி எண்) செய்துவிட்டு, அதன் பிறகு எம்டூஎஃப் பெட்டியில் ஹெர்ட்ஸாக மாற்றுங்கள். காது சுருதியைக் கேட்பது அந்தக் கணக்கில்தான், வழுக்கல் மேலேயும் கீழேயும் ஒரே சீராக இருக்கும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்த ஆட்டத்தின் வேகத்தையும் அகலத்தையும் தனித்தனியாக என் கீபோர்டின் இரண்டு குமிழ்களுக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி டோனிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

பெண்டர் வீலையும் நம் இஷ்டப்படி வைக்கலாம். பெண்ட்இன் பெட்டி 0 முதல் 16383 வரை எண் தரும், நடுப்புள்ளி 8192. அதைக் கழித்து வகுத்து, மேலே 3 அரைஸ்வரம், கீழே 5 என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் சுருதி. கீபோர்டில் இருக்கும் 12 ஸ்வரங்களும் சம இடைவெளியில் வெட்டப்பட்டவை. 2 கட்டைக்கு ஸட்ஜம் 293.66 ஹெர்ட்ஸ். பஞ்சமத்தில் பிரச்சினை இல்லை: சம இடைவெளியில் 440, சுத்தமான ஒன்றரை மடங்கு 440.49. காந்தாரம்தான் உதைக்கும். தம்புராவை மீட்டினால் தானாக எழும் காந்தாரம் ஸட்ஜத்தின் ஒன்றேகால் மடங்கு, அதாவது 367.08. கீபோர்டு தருவதோ 369.99. ஒத்தின் (நாயனத்துக்குச் சுருதி பிடிக்கும் துணைக் குழலின்) ஸட்ஜத்தோடு சேர்த்து அந்தக் காந்தாரத்தை நீளமாகப் பிடித்தால், இரண்டின் மேல் ஹார்மோனிக்ஸும் மோதி நொடிக்குச் சுமார் 12 தடவை அடித்துக்கொள்ளும். சில கீபோர்டுகளில் ஸ்கேல் ட்யூனிங் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஓரளவு சரிசெய்யலாம். பியூர் டேட்டாவில் எம்டூஎஃப் பெட்டியையே தூக்கிவிட்டு ஸட்ஜத்தை ஒன்றேகாலால் நானே பெருக்கிக்கொள்கிறேன். அந்த அடிப்பு நின்று ஸ்வரம் ஒத்தோடு ஒட்டிக்கொள்வதைக் காதால் கேட்க வேண்டும். இந்த ஒன்றுக்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம் என்பேன்.

குறைகளும் உண்டு. ஃபேஸர் பெட்டி மேல் ஸ்தாயியில் உலோகம் உரசுவது போல ஒரு சத்தத்தைச் சேர்க்கிறது, ஏனென்றால் அது தன் ஹார்மோனிக்ஸை எங்கும் நிறுத்துவதில்லை. பிளாக் பெட்டியை வைத்து ஓவர்சாம்பிள் செய்தால், அதாவது அந்தப் பகுதியை அதிக சாம்பிள் வேகத்தில் கணக்கிட்டால், குறையும், ஆனால் பிராசஸருக்குச் சுமை. தோற்றம் பழைய காலத்தது. அது பிடிக்காவிட்டால் பிளக்டேட்டா என்ற இலவச வடிவம் இருக்கிறது. உள்ளே அதே பியூர் டேட்டா, முகம் மட்டும் அழகு. விஎஸ்டி பிளகின்னாகவும், அதாவது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள்ளேயே, ஓடும், ரெக்கார்டிங் செய்கிறவர்களுக்கு அதுதான் வசதி.

விசிவி ராக் என்ற இன்னொரு ஒலி மென்பொருளையும் போட்டுப் பார்த்தேன். வயர் போட்டு இணைக்கும் நிஜ மாடுலர் சிந்தசைசர்களை அப்படியே திரையில் வைத்த மாதிரி, தொட்டவுடன் சத்தம் வரும், உற்சாகமாக இருக்கும். சத்தங்களோடு விளையாட வேண்டும் என்றால் அதையே எடுங்கள். அதன் இலவசப் பதிப்பு பிளகின்னாக ஓடாது. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாத்தியம், அதன் ஒவ்வொரு நரம்பும் என் கையில். அதற்கு பியூர் டேட்டாதான் பொருந்தியது.

மேடைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: விண்டோஸில் லேப்டாப்பின் சொந்த சவுண்டு கார்டை நம்பாதீர்கள், சாவியை அழுத்தியதற்கும் சத்தத்துக்கும் நடுவே தவில்காரர் ஒரு சொல்லை முடித்துவிடுவார். ஆசியோ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். நான் ரிச்சி தெருவில் வாங்கினேன். ஆடியோ செட்டிங்ஸில் டிலே எண்ணை, சத்தம் வெடிக்காத அளவுக்கு மெல்ல மெல்லக் குறையுங்கள். மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடினால் சார்ஜர் வழியாக ஹம் ஏறும். டிஐ பாக்ஸ் (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கும் பெட்டி) இல்லாவிட்டால், அந்தப் பாட்டு முடியும்வரை சார்ஜரைக் கழற்றி வையுங்கள்.

கற்றுக்கொள்ள எங்கும் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. ஹெல்ப் பிரவுசரில் ஏ01 என்று தொடங்கும் ஒலி உதாரணங்கள் வரிசையாக இருக்கின்றன, முதலாவது வெறும் சைன் அலை. எந்தப் பெட்டியையும் ரைட் கிளிக் செய்து ஹெல்ப் போட்டால், அதை விளக்கும் பேட்ச் (பெட்டிகளும் வயர்களும் கொண்ட தாள்) திறக்கும். அந்தப் பேட்சே ஓடும், அதிலிருந்து வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். சேமிக்கும் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், என் நாயனம் வாட்ஸ்அப்பில் போகிற அளவுக்குச் சிறியது. எங்கள் குழுவின் இன்னொரு கீபோர்டுக்காரத் தம்பிக்கு அப்படித்தான் அனுப்பினேன். துத்துக்காரம் இன்னும் சரியாக வரவில்லை, நாக்கு தட்டும் அந்தத் தொடக்கத்துக்கு நாய்ஸின் வேகத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.