ஏற்காட்டுக்கு ஏறும் கார்: மேனுவலா, ஏ.எம்.டி.யா?

சேலத்தில் கார் வாங்குபவர் இரண்டு சாலைகளை மனத்தில் வைக்க வேண்டும்: ஐந்து ரோட்டு நெரிசல், ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

நெரிசலுக்கு ஏ.எம்.டி.தான், அதாவது கிளட்ச் மிதி இல்லாமல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி. அஸ்தம்பட்டியில் மாலை நேரத்தில் கிளட்சை மிதித்து முழங்கால் வலித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மலையில் என் கட்சி மேனுவல். ஏ.எம்.டி.யிலும் இருப்பது அதே கியர்பெட்டி, அதே கிளட்ச். நம் காலுக்குப் பதிலாக ஒரு கருவி அதை இயக்குகிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் கருகிவிடும். பிரேக்கைப் பிடியுங்கள். வளைவின் நடுவே கியர் மாற ஏ.எம்.டி. எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு இடைவெளி, எதிரே பஸ் இறங்கி வரும்போது எனக்குப் பிடிப்பதேயில்லை. மேனுவலில் வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடலாம்.

இறங்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கூடும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஏ.எம்.டி. வைத்திருப்பவர்கள் அடிவாரம் வரை, கியரை நாமே தேர்ந்தெடுக்கும் மேனுவல் முறையிலேயே, இரண்டாம் கியரில் இறங்குங்கள். இதை எத்தனை பேர் செய்கிறார்கள்?

வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் மலையேறும் குடும்பம் ஏ.எம்.டி. வாங்கலாம், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் சில நொடி பிடித்துவைக்கும் ஹில் ஹோல்டு வசதி இருந்தால். வாரந்தோறும் காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர் மேனுவல் வாங்கி, மிச்சமாகும் பணத்தை நல்ல டயரில் போடட்டும். டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் சட்டத்துக்குப் போதும். மழைக்கால மலைச்சாலைக்கு அது போதாது, 3 மி.மீ. ஆனதுமே நான் மாற்றிவிடுவேன்.